பாலியால் முறையில் செய்த வினையூக்கி ஏன் தோற்றது? (மெத்தனால் எரிபொருள் மின்கலம், முதுகலைத் திட்டப்பணி)

கூடுதுறை
திங்கள், இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். வேதியியல் முதுகலை இறுதியாண்டு படிக்கிறேன். மெத்தனாலை நேரடியாகக் குடித்து மின்சாரம் தரும் எரிபொருள் மின்கலத்துக்கு ஆனோடு வினையூக்கி செய்வது என் திட்டப்பணி. பிளாட்டினமும் ருத்தேனியமும் அணுக்கணக்கில் ஒன்றுக்கு ஒன்று. தாங்கியாக வல்கன் எக்ஸ்சி-72 கரித்தூள். எடைக்கணக்கில் பிளாட்டினம் 20 விழுக்காடு, ருத்தேனியம் 10 விழுக்காடு. இதே அளவுகளை வைத்து இரண்டு விதமாகச் செய்தேன்.

'அ': இரண்டு உலோக உப்புகளையும் கரித்தூளையும் தண்ணீரில் கலக்கி, உப்பை உலோகமாக்கும் சோடியம் போரோஹைட்ரைடு கரைசலை ஒரே மூச்சில் ஊற்றினேன். நுரைத்துப் பொங்கி அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது.

'ஆ': பாலியால் முறை. அதே உப்புகள், அதே கரி, ஆனால் எத்திலீன் கிளைக்காலில் (இதுவே கரைப்பான், உப்பை உலோகமாக்குவதும் இதுவே). சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்து, பிஎச் தாளில் 8 வந்தவுடன் நிறுத்தி, 130 டிகிரியில் மூன்று மணி நேரம் வைத்தேன். ஆறியதும் வடிகட்டிவிட்டேன்.

மற்றதெல்லாம் ஒன்றேதான். புரோட்டானைக் கடத்தும் நஃபியான் 117 சவ்வு, அதே கேத்தோடு, 2 மோலார் மெத்தனால், 60 டிகிரி, காற்று. 'அ' ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 21 மில்லிவாட் கொடுத்தது. 'ஆ' வெறும் 9. படித்த கட்டுரைகள் எல்லாம் பாலியால் முறையைத்தான் தூக்கி வைக்கின்றன. எக்ஸ்-கதிர் வரைபடத்தின்படியும் 'ஆ'-வின் துகள் சுமார் 3 நானோமீட்டர்தான். 'அ' 5-க்கு மேல். துகள் சிறியதென்றால் பரப்பு அதிகம், பரப்பு அதிகமென்றால் மின்னோட்டம் அதிகம் என்றுதானே படித்தோம்? வோல்ட்டாமெட்ரியில் (மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி மின்னோட்டத்தை அளக்கும் சோதனை) முன்முகட்டுக்கும் பின்முகட்டுக்கும் உள்ள விகிதமும் 'ஆ'-வுக்குத்தான் கூடுதல்.

வழிகாட்டிப் பேராசிரியர் "மறுபடி செய்" என்கிறார். ஒரு கிராம் குளோரோபிளாட்டினிக் அமிலப் புட்டியில் பாதிக்கு மேல் தீர்ந்துவிட்டது. எங்கே தவறினேன் என்று தெரியாமல் மீதியைத் தொடப் பயமாக இருக்கிறது.

பீளமேட்டுப்பம்பு
திங்கள், இரவு 9.40

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். நான் பம்பு மோட்டார் தொழிலில் இருப்பவன். 21 மில்லிவாட் என்றால் என்ன? எங்கள் அரைக் குதிரைத்திறன் மோட்டாருக்கு 373 வாட் வேண்டும். கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 1.8 சதுர மீட்டர் மின்வாய் வருகிறது. ஒரு கயிற்றுக் கட்டில் அகலத்துக்குப் பிளாட்டினம் பூசி ஒரு மோட்டாரைச் சுற்ற வைப்பதா? ஒரு லித்தியம் பேட்டரி வாங்கி மாட்டினால் ஆகாதா?

கூடுதுறை
திங்கள், இரவு 9.51

அண்ணா, கட்டில் கணக்கு சரிதான். அதனால்தான் 9-ஐப் பார்த்து அழுகிறேன். 9 என்றால் இரண்டு கட்டிலுக்கு மேல் வேண்டும்.

பழைய மின்வாய்
செவ்வாய், காலை 6.05

பம்புத் தம்பிக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். மோட்டாருக்கு இது வேண்டாம். ஆனால் மலை உச்சியில் ஒரு வானிலைக் கருவி, காட்டுக்குள் ஒரு கண்காணிப்புக் கேமரா, ஆறு மாதம் ஆள் போக முடியாத இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் மெத்தனாலில் ஏறக்குறைய 4.4 கிலோவாட்-மணி ஆற்றல் இருக்கிறது. எந்தப் பேட்டரியும் லிட்டர் கணக்கில் அதன் பக்கத்தில் வராது. கலம் 0.4 வோல்ட்டில் ஓடினால் அதில் மூன்றில் ஒரு பங்குதான் கைக்கு வரும், மீதி வெப்பமாகும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அப்படியும் ஜெர்மனியின் எஸ்எஃப்சி எனர்ஜி இத்தகைய கலங்களை எஃபோய் என்ற பெயரில் நெடுங்காலமாக விற்றுவருகிறது. 2012 மின்வெட்டில் டீசலுக்குக் கொட்டிய பணம் உங்களுக்கு மறந்திருக்காது.

மகளே, உன் கேள்விக்கு வருகிறேன். நான் மின்வேதியியலில் முப்பது ஆண்டுகள் ஓட்டிவிட்டு, இப்போது வடவள்ளியில் ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பவன். எக்ஸ்-கதிர் வரைபடத்தில் 'ஆ'-வின் முதல் முகடு எந்தக் கோணத்தில் விழுகிறது என்று சொல். அகலத்தைப் பார்த்துத் துகள் அளவு சொல்லிவிட்டாய். இடத்தைப் பார்த்தாயா?

வண்ணமாஸ்டர்
செவ்வாய், காலை 7.30

எனக்கு மின்வேதியியல் தெரியாது. திருப்பூரில் இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சாயப்பட்டறையில் மாஸ்டர். ஒரே துணி, ஒரே சாயம், ஒரே எடை என்று போட்டும் இரண்டு லாட்டும் இரண்டு ஷேடாக வந்து நிற்கும் வேதனை எனக்குத் தெரியும். அதனால் கேட்கிறேன்.

அம்மிணி, வடிகட்டிய பிறகு கீழே இறங்கிய தண்ணீர் என்ன நிறம்?

நாங்கள் சாயத்தொட்டியில் துணியைப் பார்ப்பதற்கு முன்னால் மிச்சத் தண்ணீரைத்தான் பார்ப்போம். தண்ணீரில் நிறம் நிற்கிறது என்றால் துணியில் ஏற வேண்டியது ஏறவில்லை.

கூடுதுறை
செவ்வாய், காலை 8.15

'அ': தண்ணீர் தெளிவாக இருந்தது.
'ஆ': தேயிலைத் தண்ணீர் நிறம். கிளைக்கால் சூடேறினால் இப்படித்தான் ஆகும் என்று நினைத்துவிட்டேன்.

ஐயா கேட்ட முகடு: 'அ' 40.3 டிகிரி. 'ஆ' 39.8 டிகிரி.

பழைய மின்வாய்
செவ்வாய், காலை 9.20

வண்ணமாஸ்டருக்கு ஒரு கும்பிடு. நான் எக்ஸ்-கதிர் வழியாகப் போய்ச் சேர நினைத்த இடத்துக்கு அவர் ஒரு கேள்வியில் போய்விட்டார்.

தாமிர எக்ஸ்-கதிரில் வெறும் பிளாட்டினத்தின் முதல் முகடு 39.8 டிகிரியில்தான் விழும். ருத்தேனியம் அணு சற்றுச் சிறியது. அது பிளாட்டினப் படிகத்துக்குள் புகுந்தால் அணுக்கள் நெருங்கும், முகடு வலப்பக்கம் நகரும். உன் 'அ' நகர்ந்திருக்கிறது. 'ஆ' நகரவே இல்லை. ஆக, நீ ருத்தேனியம் போட்டாய், ஆனால் அது பிளாட்டினத்துக்குள் போகவில்லை. எங்கே போனது என்பதற்கு அந்தத் தேயிலைத் தண்ணீர் சாட்சி. உன் குறிப்பேட்டில் ஒன்றுக்கு ஒன்று என்று எழுதியிருக்கிறாய். அது தராசில் வைத்த விகிதம். கரியில் ஏறிய விகிதம் வேறு.

ருத்தேனியம் இல்லாவிட்டால் ஏன் இப்படிப் படுத்துவிடுகிறது? மெத்தனால் ஒரு மூலக்கூறு தண்ணீரோடு சேர்ந்து கார்பன் டைஆக்சைடாக முழுவதும் மாறினால் ஆறு எலக்ட்ரான் கிடைக்கும். பிளாட்டினம் மெத்தனாலின் ஹைட்ரஜன்களை ஒவ்வொன்றாக உரித்துவிடுகிறது. கடைசியில் கார்பன் மோனாக்சைடு மிஞ்சுகிறது. அது பிளாட்டினத்தின் மேல் அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டு இடத்தை விடாது. அதை எரித்து வெளியேற்ற ஓர் ஆக்சிஜன் வேண்டும். அந்த ஆக்சிஜன் தண்ணீரிலிருந்து வர வேண்டும். பிளாட்டினம் தண்ணீரைப் பிளந்து ஹைட்ராக்சில் ஆக்க ஹைட்ரஜன் மின்வாயோடு ஒப்பிட 0.7 வோல்ட் அளவுக்குப் போக வேண்டும். ஆனோடு அங்கே போய்விட்டால் கலத்தில் மிஞ்சுவது என்ன? ருத்தேனியம் 0.2, 0.3 வோல்ட்டிலேயே அந்த வேலையைச் செய்கிறது. பக்கத்துப் பிளாட்டினத்தில் உட்கார்ந்திருக்கும் மோனாக்சைடுக்கு அந்த ஹைட்ராக்சிலைக் கொடுத்து அனுப்பிவைக்கிறது. ஜப்பானின் வதனபேயும் மோட்டோவும் 1975-இல் சொன்ன இந்த இரட்டை வேலை விளக்கம் இன்றும் நிற்கிறது.

இதில் 'பக்கத்து' என்ற சொல்லைக் கவனி. ஒரே கரித்தூளில் பிளாட்டினம் ஒரு மூலையிலும் ருத்தேனியம் இன்னொரு மூலையிலும் இருந்தால் பயனில்லை. அணு அருகில் அணு இருக்க வேண்டும். தயாரிப்பு முறை என்று நாம் பேசுவதெல்லாம் இந்த அண்டை வீட்டு உறவை அமைத்துக் கொடுப்பதற்குத்தான். துகள் அளவு அதற்கு அடுத்த கவலை.

பரப்புக் கணக்கு பொய்யில்லை. 3 நானோமீட்டர் பிளாட்டினத் துகள் ஒரு கிராமுக்கு 93 சதுர மீட்டர் பரப்பு தரும். 10 நானோமீட்டராக வளர்ந்துவிட்டால் அது 28-தான். ஆனால் 93 சதுர மீட்டரும் மோனாக்சைடு போர்த்திக் கிடந்தால் யாருக்கு இலாபம்?

இனி உன் இரண்டு வழிகளையும் பார்ப்போம். பிளாட்டினம் எளிதில் உலோகமாகிவிடும். ருத்தேனியம் அடம் பிடிக்கும். போரோஹைட்ரைடு வன்மையானது, இரண்டையும் ஒரே நேரத்தில் இழுத்துப் போட்டுவிடும். அவசரத்தில் துகள் கொஞ்சம் தடிக்கும், ஒன்றன் மேல் ஒன்று குவியும், ஆனால் இரண்டு உலோகமும் சேர்ந்தே விழும். கிளைக்கால் மென்மையானது. உன் 130 டிகிரியில் பிளாட்டினம் அழகாகச் சிறு துகளாக இறங்கியிருக்கிறது. ருத்தேனியத்தில் பெரும்பகுதி அசையாமல் நின்றிருக்கும். 160 டிகிரி வரை கொண்டுபோ. கிளைக்காலின் கொதிநிலை 197, எனவே இடம் இருக்கிறது.

பிஎச் தாளையும் நம்பாதே. அது தண்ணீருக்குச் செய்தது. கிளைக்காலில் அது காட்டும் 8 உண்மையில் என்ன என்று யாருக்கும் தெரியாது. காரம் எவ்வளவு போட்டாய் என்பதை மோலில் எழுதிவை. அடுத்த முறையும் அதே அளவு போட்டால் அதே இடத்துக்கு வந்து சேர்வாய்.

தொட்டிக்கரி
செவ்வாய், காலை 11.02

காங்கேயத்திலிருந்து எழுதுகிறேன். தேங்காய்த் தொட்டி சுட்டுக் கரியாக்கி அனுப்புகிறவர்கள் நாங்கள். எங்கள் கரியிலிருந்து வரும் கிளர்வுறு கரிக்குக் கிராமுக்கு 1,000 சதுர மீட்டருக்கு மேல் பரப்பு. நீங்கள் சொல்லும் வல்கன் எவ்வளவு? இறக்குமதிக் கரியை ஏன் கட்டி அழ வேண்டும்? கொங்கு நாட்டில் தொட்டிக்கா பஞ்சம்?

இரவுஆய்வகம்
செவ்வாய், மதியம் 1.45

வல்கன் 250 சதுர மீட்டர் அளவுதான், அண்ணா. ஆனால் உங்கள் 1,000-த்தில் பெரும்பகுதி 2 நானோமீட்டருக்கும் குறுகிய துளைகளின் உட்சுவர். அதற்குள் பிளாட்டினம் போய்விட்டால் நஃபியான் பசை பின்னால் போக முடியாது. புரோட்டான் வெளியேற வழியில்லாத பிளாட்டினம் கிணற்றில் போட்ட நகை. தண்ணீர் வடிகட்டவும் தங்கம் பிடிக்கவும் தொட்டிக்கரி அருமையானது. மின்சாரம் கடத்துவதில் அது பின்தங்கும். எவ்வளவு சூடேற்றினாலும் எளிதில் கிராஃபைட் ஆகாத இனம். சாம்பலில் பொட்டாசியமும் இருக்கும், அது சவ்வுக்குள் போய்ப் புரோட்டானின் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். அமிலத்தில் கழுவி, துளைகளை அகலப்படுத்திப் பயன்படுத்தலாம். அது தனியாக ஒரு முனைவர் பட்டம்.

தொட்டிக்கரி
செவ்வாய், மதியம் 2.10

அப்படியானால் எனக்கு ஒரு முனைவரை அனுப்புங்கள். சாப்பாடும் தங்குமிடமும் என் பொறுப்பு.

இரவுஆய்வகம்
செவ்வாய், மதியம் 2.38

கூடுதுறை, அந்த முன்முகடு-பின்முகடு விகிதத்தை ஆய்வேட்டிலிருந்தே எடுத்துவிடு. பின்முகடு என்பது மிஞ்சிய மோனாக்சைடு எரிவது, அதனால் விகிதம் கூடினால் நச்சுத் தாங்கும் திறன் கூடுதல் என்று பல ஆண்டுகள் எல்லோரும் எழுதினார்கள். திரும்பி வரும் பயணத்தில் புதிதாக ஒட்டும் மெத்தனால் எரிவதுதான் அந்தப் பின்முகடு, மோனாக்சைடு அல்ல என்று 2012-இல் ஓர் ஆய்வுக்கட்டுரை காட்டிவிட்டது. இன்னும் பாதிப் பேர் பழைய பாட்டையே பாடுகிறார்கள். வைவாவில் விவரம் தெரிந்த ஒருவர் வந்தால் அங்கேயே பிடித்துக்கொள்வார்.

அதைவிட, மெத்தனால் மின்னோட்டம் எந்த மின்னழுத்தத்தில் எழத் தொடங்குகிறது என்று பார். 0.3 வோல்ட் பக்கம் எழுந்தால் ருத்தேனியம் வேலை செய்கிறது. 0.5-இல் எழுந்தால் வெறும் பிளாட்டினம்தான் கண் விழித்திருக்கிறது.

கூடுதுறை
செவ்வாய், மாலை 5.30

பார்த்தேன். 'அ' 0.34. 'ஆ' 0.48. தலையில் அடித்துக்கொண்டேன்.

'ஆ'-வின் தேயிலைத் தண்ணீரைக் கொட்டவில்லை. கழிவுப் புட்டியில் தனியாக வைத்திருக்கிறேன்.

பழைய மின்வாய்
செவ்வாய், மாலை 6.15

கொட்டாதது நல்லது. அந்தப் பழுப்பு நிறம் இரண்டு காரணத்தால் வரலாம். ஒன்று, உலோகமாகவே மாறாத ருத்தேனிய உப்பு. இன்னொன்று, உலோகமாக மாறியும் கரியில் உட்காராமல் மிதக்கும் நுண்துகள். வடிதாள் அதைப் பிடிக்காது. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

ஒரு சிறு குடுவையில் அந்தத் தண்ணீரை எடு. சிட்டிகை வல்கன் போடு. நீர்த்த கந்தக அமிலம் சொட்டுச் சொட்டாக விட்டு நன்றாக அமிலமாக்கு. இரவு முழுதும் கலக்கிவிட்டு வடிகட்டு. நிறம் போய்விட்டால் அது மிதந்த துகள். போகாவிட்டால் உப்பு.

காரணம் இது. சூட்டில் கிளைக்காலே கொஞ்சம் ஆக்சிஜனேற்றமாகிக் கிளைக்காலேட் ஆகும். கார நிலையில் அது எதிர்மின்சுமையோடு துகளைச் சுற்றிப் போர்வை போடுகிறது. துகள்கள் ஒன்றையொன்று தள்ளுவதால்தான் 3 நானோமீட்டரிலேயே நிற்கின்றன. அந்தக் காரத்தில் கரியின் மேற்பரப்பும் எதிர்மின்சுமையோடு இருக்கும். துகள் கரியில் எப்படி ஒட்டும்? அமிலம் விட்டால் கரி புரோட்டானை ஏற்று முகம் மாறும், துகளின் போர்வையும் தளரும், ஒட்டிக்கொள்ளும். நீ ஆறியதும் அமிலம் விடாமலேயே வடிகட்டியிருக்கிறாய்.

வண்ணமாஸ்டர்
செவ்வாய், இரவு 8.50

ஐயா, இது எங்கள் கதையே. பருத்திக்குத் தண்ணீரில் எதிர்மின்சுமை. ரியாக்டிவ் சாயத்துக்கும் எதிர்மின்சுமை. இரண்டும் முறைத்துக்கொண்டு நிற்கும். அதனால்தான் கிளாபர் உப்பை (சோடியம் சல்பேட்) கொட்டுகிறோம். உப்பு இருவருக்கும் நடுவில் நின்று சண்டையை அமர்த்தும், சாயம் நூலில் ஏறும். பிறகு சோடா போட்டால் பிடிமானம். அந்த உப்புதான் பிறகு நொய்யலுக்கு எமனானது. 2011-இல் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னதும் அதனால்தான். அது வேறு கதை.

இங்கேயும் உப்புப் போட்டால் வேலை எளிதாகாதா? இன்னொன்று: சோடாவை நாங்கள் ஒரேயடியாகக் கொட்ட மாட்டோம், மெதுவாகச் சொட்டவிடுவோம். கொட்டினால் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். அம்மிணி போரோஹைட்ரைடை ஒரே மூச்சில் ஊற்றியது சரியா?

பழைய மின்வாய்
புதன், காலை 5.55

உப்பு வேண்டாம், மாஸ்டர். சமையல் உப்பு என்றால் அதன் குளோரைடு பிளாட்டினத்தில் ஒட்டி இடத்தை அடைக்கும். உலோக உப்புகளோடு ஏற்கெனவே உள்ளே வந்த குளோரைடை வெளியேற்றவே படாதபாடு படுகிறோம்.

சொட்டவிடும் விஷயத்தில் உங்கள் தொழிலும் எங்கள் தொழிலும் எதிரெதிர் திசை. நீங்கள் சாயம் சீராகப் பரவ மெதுவாகப் போகிறீர்கள். நாங்கள் மெதுவாகப் போனால் முதலில் பிறந்த நாலு துகள் பின்னால் வருவதையெல்லாம் தின்று கொழுத்துவிடும். ஒரேயடியாக ஊற்றினால் ஆயிரக்கணக்கான துகள் ஒரே நொடியில் பிறக்கும், பிறகு வளரத் தீனி இருக்காது. லாமெர் என்பவரும் அவருடைய கூட்டாளியும் 1950-இல் விளக்கிய கணக்கு இது. ஆகவே அவள் ஊற்றியது சரி. அப்படியும் 5-க்கு மேல் போனது, என் ஊகத்தில், கலக்கு போதாமல்தான். ஊற்றிய இடத்தில் ஒரு செறிவு, குடுவையின் ஓரத்தில் வேறு செறிவு. போரோஹைட்ரைடை அன்றன்றே, சிறிது காரம் சேர்த்துக் கரைக்க வேண்டும். நேற்றைய கரைசல் பாதி ஹைட்ரஜனாகப் பறந்துபோயிருக்கும்.

பீளமேட்டுப்பம்பு
புதன், காலை 9.10

தெரியாத்தனமாகக் கட்டில் கணக்குப் போட்டு மாட்டிக்கொண்டேன். இரண்டு நாளாகக் கடையில் உட்கார்ந்து இதைத்தான் படிக்கிறேன். ஒரு கேள்வி: மெத்தனால் எங்கே வாங்குகிறீர்கள்? கள்ளக்குறிச்சிக்குப் பிறகு அந்தப் பெயரைச் சொன்னாலே எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள்.

கூடுதுறை
புதன், காலை 10.25

உரிமம் உள்ள விற்பனையாளரிடமிருந்து துறை மூலமாகத்தான், அண்ணா. அலமாரிக்குப் பூட்டு, பதிவேட்டில் மில்லிலிட்டர் கணக்கு, இரண்டு கையெழுத்து. 2024 ஜூனுக்குப் பிறகு இன்னும் இறுக்கம். என் கலத்துக்கு வேண்டிய 2 மோலார் என்றால் லிட்டருக்கு 64 கிராம்தான். அந்த 80 மில்லிக்கு அரை நாள் அலைந்தேன். குறை சொல்லவில்லை. அந்த வாரம் சேலம் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டவர்களைப் பற்றிப் படித்தவள்தான் நானும்.

இரவுஆய்வகம்
புதன், காலை 11.40

பாதுகாப்பு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். மின்வாயில் பூசும் பசை கலக்கும்போது உலர்ந்த வினையூக்கியின் மேல் நேரே ஐசோபுரோப்பனாலையோ மெத்தனாலையோ ஊற்றாதே. பிளாட்டினம் ஏறிய உலர் கரி, காற்று, ஆல்கஹால் ஆவி மூன்றும் சேர்ந்தால் தீக்குச்சி தேவையில்லை. என் இளையவர் ஒருவர் எடைபோட்ட குடுவையில் பிப்பெட்டால் ஆல்கஹால் விட்டார். தூள் செங்கனலாகச் சிவந்து குப்பென்று பற்றியது. புருவம் போனதோடு தப்பித்தார். முதலில் தண்ணீர் விட்டு முழுக்க நனை, பிறகு ஆல்கஹால், கடைசியில் நஃபியான் கரைசல். ஒலி அலைத் தொட்டியில் பனிக்கட்டி போட்டுக்கொள்.

கழுவியது எந்தத் தண்ணீரில்?

கூடுதுறை
புதன், மதியம் 12.05

ஆர்ஓ தண்ணீர். இருமுறை காய்ச்சி வடித்த நீர் அன்று தீர்ந்துவிட்டது. 'ஆ'-வுக்கு மட்டும்.

வண்ணமாஸ்டர்
புதன், மதியம் 12.20

அடடா.

தொட்டிக்கரி
புதன், மதியம் 12.31

சிறுவாணித் தண்ணீரில் கழுவியிருக்கலாமே, அம்மிணி. அதைவிட நல்ல தண்ணீர் ஏது?

பழைய மின்வாய்
புதன், மதியம் 12.55

குடிக்கச் சிறுவாணிக்கு இணையில்லை. நான் கோவையில் வீடு கட்டியதே அதற்காகத்தான் என்று என் மனைவி இன்றும் சொல்லிக் காட்டுவாள். ஆனால் நாக்குக்கு இனிப்பது பிளாட்டினத்துக்கு இனிக்காது. இருமுறை வடித்த நீர், அதுவும் சுடச்சுட. கடைசியாக இறங்கும் நீரில் ஒரு சொட்டு வெள்ளி நைட்ரேட் விடு. பால் கலந்தது போல வெண்மை தெரிந்தால் குளோரைடு இன்னும் இருக்கிறது. ஐந்து முறை கழுவினேன், பத்து முறை கழுவினேன் என்று குறிப்பேட்டில் எழுதாதே. வெண்மை தெரியாமல் போகும்வரை கழுவினேன் என்று எழுது. உலர்த்துவதும் வெற்றிட அடுப்பில் 80 டிகிரி போதும்.

கூடுதுறை
வியாழன், காலை 9.45

குடுவைச் சோதனை முடிவு: நிறம் பாதி போனது. பாதி நின்றுவிட்டது.

பழைய மின்வாய்
வியாழன், காலை 10.10

அப்படியானால் இரண்டு குற்றமும் நடந்திருக்கிறது. வெப்பம் போதவில்லை, அமிலமும் விடவில்லை. இரண்டையும் திருத்தி 'இ' செய். செய்த பிறகு நைட்ரஜன்-ஹைட்ரஜன் கலவையில் 250 டிகிரிக்கு ஒரு மணி நேரம் சூடேற்று, கலப்புலோகம் இறுகும்.

இரவுஆய்வகம்
வியாழன், காலை 10.50

ஐயா, இங்கே மட்டும் உங்களோடு மோதுகிறேன். சூடேற்றச் சொல்லாதீர்கள். கலப்புலோகமாவதுதான் எல்லாம் என்ற எண்ணத்தை 1999-இல் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்து ரோலிசன் குழுவே கேள்வி கேட்டுவிட்டது. நீரேறிய ருத்தேனியம் ஆக்சைடு பிளாட்டினத்தை ஒட்டி இருந்தாலே போதும், அது எலக்ட்ரானையும் புரோட்டானையும் சேர்த்துக் கடத்தும், கலப்புலோகத்தைவிட அதுவே நன்றாக வேலை செய்யும் என்பது அவர்கள் வாதம். சூடேற்றினால் அந்த நீர் போய்விடும், துகளும் ஒன்றோடொன்று உருகி வளரும்.

பழைய மின்வாய்
வியாழன், காலை 11.30

அந்த வாதம் எனக்குப் புதிதல்ல, தம்பி. கலப்புலோகமாக இறுகாத ருத்தேனியம் அமிலத்தில் கரைந்து சவ்வு வழியாகக் கேத்தோடுக்கே போய்ச் சேரும் என்று 2004-இல் லாஸ் அலமோஸ் ஆய்வகம் காட்டியது. அங்கே போய் ஆக்சிஜன் வேலையையும் கெடுக்கும். முதல் நாள் ஓட்டத்தில் உன் ஆக்சைடு ஜெயிக்கும். ஐந்நூறாவது மணி நேரத்தில் பார்ப்போம்.

இரவுஆய்வகம்
வியாழன், காலை 11.42

முதுகலைத் திட்டப்பணியில் ஐந்நூறு மணி நேரத்துக்கு எங்கே போவது, ஐயா?

கூடுதுறை
வியாழன், மதியம் 12.15

இரண்டு பெரியவர்களும் சண்டை போட்டுக்கொள்ளுங்கள். நான் சூடேற்றாமல் ஒரு பாதியும், சூடேற்றி ஒரு பாதியும் வைத்துக்கொள்கிறேன்.

கூடுதுறை
அடுத்த புதன், இரவு 10.20

தாமதத்துக்கு மன்னிக்கவும். 'இ' முடிந்தது.

காரத்தை மோலில் கணக்கிட்டுக் கூடுதலாகப் போட்டேன். நைட்ரஜன் ஓட்டத்தில் 160 டிகிரி, மூன்று மணி நேரம். மஞ்சளாக இருந்தது முதல் கால்மணியிலேயே கறுத்துவிட்டது. இந்த முறை கரியைத் தொடக்கத்தில் போடாமல், ஆறிய பிறகு போட்டேன். நீர்த்த கந்தக அமிலம் விட்டு இரவு முழுதும் கலக்கினேன். காலையில் கலக்கியை நிறுத்தியதும் கரி கீழே இறங்கி, மேலே தண்ணீர் தெளிந்து நின்றது. விடுதித் தோழிகளை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் கை தட்டினார்கள். சுடுநீரில் கழுவி, பதினோராவது முறையில் வெள்ளி நைட்ரேட் வெண்மை தெரியாமல் போனது.

சூடேற்றாத பாதி: 33 மில்லிவாட்.
சூடேற்றிய பாதி: 27.

மின்னோட்டம் எழும் இடம் இரண்டிலும் 0.3-க்கு மிக அருகில். ஆனால் ஐயா, ஒன்று புரியவில்லை. சூடேற்றாத பாதியின் முகடு 40.0 டிகிரியில்தான் இருக்கிறது. 'அ' 40.3 வரை போயிருந்தது. முகடு குறைவாக நகர்ந்ததுதான் அதிக மின்சாரம் தருகிறது.

இரவுஆய்வகம்
அடுத்த புதன், இரவு 10.31

நான் ஒன்றும் சொல்லவில்லை.

பழைய மின்வாய்
அடுத்த வியாழன், காலை 6.00

சொல்லாமல் சொல்கிறாய், தெரிகிறது. பாதி ஒப்புக்கொள்கிறேன். கொஞ்சம் ருத்தேனியம் உள்ளே போயிருக்கிறது, மீதி ஆக்சைடாகப் பக்கத்தில் ஒட்டி வேலை செய்கிறது. எக்ஸ்-கதிருக்குப் படிகம் இல்லாத ஆக்சைடு தெரியாது. அவள் 27-க்கு இறங்கியதற்கு ஆக்சைடு உலர்ந்தது காரணமா, துகள் வளர்ந்தது காரணமா என்பது முகட்டின் அகலத்தை அளந்தால்தான் தெரியும். மகளே, இரண்டு வரைபடத்தையும் ஒன்றன் மேல் ஒன்று வைத்து ஏற்று. இரண்டு பாதியையும் ஐந்து மணி நேரமாவது நிலையான மின்னழுத்தத்தில் ஓட்டு. ஐந்நூறு கேட்கவில்லை.

பீளமேட்டுப்பம்பு
அடுத்த வியாழன், காலை 9.05

33 என்றால் கட்டில் 1.13 சதுர மீட்டராகச் சுருங்கிவிட்டது. குழந்தைக் கட்டில் அளவுக்கு வந்துவிட்டோம்.

வண்ணமாஸ்டர்
அடுத்த வியாழன், காலை 9.40

அம்மிணி, மிகவும் சந்தோஷம். ஒன்று கேட்கட்டுமா? தெளிந்த தண்ணீர் என்றாயே, எதில் பார்த்தாய்? கண்ணாடிக் குடுவையிலா, வெள்ளைப் பீங்கானிலா? கண்ணாடியில் எல்லாத் தண்ணீரும் தெளிவாகத்தான் தெரியும். நாங்கள் வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றி, வாசலில் வெயிலில் வைத்துத்தான் பார்ப்போம்.

கூடுதுறை
அடுத்த வியாழன், மதியம் 1.20

கண்ணாடியில்தான் பார்த்தேன், மாஸ்டர். இப்போது உணவகத்திலிருந்து வெள்ளைச் சட்னிக் கிண்ணம் ஒன்றை வாங்கி வந்து ஊற்றிப் பார்த்தேன். நடுவில் ஒன்றும் தெரியவில்லை. ஓரத்தில், ஆழம் கூடும் இடத்தில், மிக மெல்லிய மஞ்சள்.

பழைய மின்வாய்
அடுத்த வியாழன், மதியம் 1.45

அமிலத்தில் கரைத்த ஸ்டேனஸ் குளோரைடு ஒரு சொட்டு விடு. மஞ்சள் ஆழ்ந்து ஆரஞ்சாகச் சிவந்தால் பிளாட்டினம் இன்னும் இருக்கிறது. பிறகு அந்தக் கிண்ணத்தை உணவகத்துக்குத் திருப்பிக் கொடுக்காதே.

கூடுதுறை
அடுத்த வியாழன், மாலை 4.10

ஆரஞ்சாகவில்லை. அப்படியே இருக்கிறது. ஆக ருத்தேனியம்தான், கொஞ்சமாக. கிண்ணத்துக்குப் பணம் கொடுத்துவிட்டேன்.

புட்டியில் பிளாட்டினம் இன்னும் முக்கால் தடவைக்கு வரும். அளவைக் குறைத்து, 170 டிகிரியில் 'ஈ' செய்யப் போகிறேன். நாளைக்கு அடுப்பு காலியாக இல்லை. சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு என் பெயரை எழுதிவிட்டு வந்திருக்கிறேன்.